குடும்பத் தலைவர்

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் என் தம்பி நல்லுச்சாமி. கூடப் பிறந்தவன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ஏனென்றால் எல்லோரும் நடுவிலிருந்து கேட்டுவிட்டு என்னைத்தான் முறைக்கிறார்கள். நீங்களாவது ஆரம்பத்திலிருந்து கேளுங்கள் சார். திண்டுக்கல்தானே போகிறீர்கள்? நான் சின்னாளபட்டி பிரிவில் இறங்கிக்கொள்வேன். இப்போதுதான் சமயநல்லூர். நேரம் இருக்கிறது.

பையை மடியில் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் நன்றாக உட்காருங்கள். உள்ளே மாற்று வேட்டியும் துண்டும்தான். நாலு நாள் தங்குகிற மாதிரி வாங்க பெரியப்பா என்றாள் தம்பி மகள். காலையில் போனேன். மத்தியானமே கிளம்பிவிட்டேன்.

போனா? அடிக்கட்டும். அவள்தான், தாரணி. ஆஸ்பத்திரியிலிருந்து அடிக்கிறாள். சத்தம் உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் பைக்குள் போட்டுவிடுகிறேன். அணைக்க மாட்டேன். நான் ஓடி ஒளிகிறவன் இல்லை.

கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறீர்கள். கம்பெனிதானே? நல்லுச்சாமியும் அப்படித்தான் மாட்டியிருந்தான். நூல் மில்லில் சூப்பர்வைசர். எட்டாவது வரைக்கும் அவனைப் படிக்க வைத்தது என் முதுகு சார். நான் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கினேன். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மூட்டை மேல் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்துத்தானே எந்த லாரி என்று தெரியும். அது போதும் என்று விட்டுவிட்டேன். அவன் அட்டையைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டான் என்று பவுனுத்தாய் கேலி செய்வாள். "உங்க தம்பிக்கு மில்லுல தாலி கட்டி விட்டிருக்காங்க" என்பாள். பவுனுத்தாய் என் மனைவி.

அந்த அட்டைக்குப் பின்னால் இன்னொரு கார்டு வைத்திருந்தான். இன்சூரன்ஸ் கார்டு. உங்களுடையதிலும் இருக்கும். யார் யார் பேர் இருக்கிறது சார் அதில்? நீங்கள், உங்கள் வீட்டம்மா, பிள்ளைகள். அப்பா அம்மாவைச் சேர்த்திருக்கிறார்களா? அண்ணனைச் சேர்க்க மாட்டார்கள், இல்லையா? அதுதான். கேட்டேன், தெரிந்துகொள்ளத்தான்.

ஒரு தடவை தாரணிக்கு டெங்கு. சின்னப் பிள்ளை அப்போது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, தனியார். பார்க்கப் போனேன். ரூமில் குளிர் மெஷின், டிவி, படுக்கைப் பக்கத்தில் பார்க்க வருகிறவர்கள் படுப்பதற்கு இன்னொரு கட்டில். டாக்டர் வந்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்று என் தம்பியைக் கேட்கிறார். நான் கீழே டீ வாங்கி வரப் போனேன். திரும்பி வரும்போது வாசலில் காவலாளி என் நெஞ்சில் கையை வைக்கிறான். "நீ எங்கய்யா போற?" ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் சார். அவன் சார், நான் நீ. நடுவில் ஒரு அட்டை.

அதற்காக நான் கோபப்படவில்லை. அந்த ரூமில் தங்கின நாளெல்லாம் இது நம் வீட்டுப் பிள்ளையின் ரூம் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் நாங்கள் ஒரே ரேஷன் கார்டு. அதுதான் முக்கியம். அம்மா சாகிற காலத்தில், "அடுப்பு ரெண்டா ஆனாலும் கார்டு ஒண்ணா இருக்கட்டும்டா" என்றாள். எங்கள் பக்கத்தில் கார்டு பிரித்தால் குடும்பம் பிரிந்தது என்று அர்த்தம். ஊருக்கே தெரிந்துவிடும், கடைக்காரன் சத்தமாகப் பேர் படிப்பான். நல்லுச்சாமி மில் குவார்ட்டர்ஸுக்குப் போன பிறகும் கார்டைப் பிரிக்கவில்லை. கார்டில் குடும்பத் தலைவர் வீரணன். அது நான். என் படம், என் போன் நம்பர். கீழே பவுனுத்தாய், நல்லுச்சாமி, அமுதா, தாரணி. அமுதா அவன் மனைவி.

பிறகு பவுனுத்தாய்க்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெங்காயக் குடோனில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. உட்கார்ந்து செய்கிற வேலைதான், அதற்கே மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. அழுத்தினால் விரல் பள்ளம் அப்படியே நிற்கும். தம்பி மகள் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பழகின இடமாயிற்றே என்று. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். "இன்சூரன்ஸ் இருக்கா?" என்றாள். அது முதல் கேள்வி. என்ன செய்கிறது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு இல்லை என்றதால் இரண்டாவது கேள்வியை அவள் கேட்கவே இல்லை. இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று வேறொரு டாக்டர் சொன்னார். மாற்று வைக்க வேண்டும். கவர்மென்ட் காப்பீட்டு கார்டு இருந்தால் இலவசமாகவே செய்வார்கள், வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வாங்கப் போனேன். வி.ஏ.ஓ. ஆபீஸில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "பெரியவரே, இதுல மில்லு சம்பளக்காரர் ஒருத்தர் இருக்காரு. குடும்ப வருமானம் கூடிப்போச்சு. கிடைக்காது. தம்பியைப் பிரிச்சு விட்டுட்டு வாங்க, அன்னைக்கே சர்டிபிகேட் தர்றேன்."

பார்த்தீர்களா? அவனுடைய சம்பளத்தில் ஒரு நாள் ஒரு காப்பி குடித்ததில்லை நான். ஆனால் அவன் சம்பளம் என் மனைவியின் மூச்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நல்லுச்சாமி என்ன செய்தான் தெரியுமா? மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறான். "அண்ணே, கார்டைப் பிரிச்சிருவோம். நான் எல்லாம் எழுதிக் கொண்டாந்துட்டேன். நீங்க சம்மதிச்சாப் போதும்." எழுதிக் கொண்டுவந்துவிட்டானாம்! எத்தனை நாளாகக் காத்திருந்தானோ. அண்ணனும் மதினியும் எப்போது தொலைவார்கள் என்று. நான் சொன்னேன், "அம்மா சொன்னதை நீ மறந்துட்ட. நான் மறக்கல. என்னை வெளிய தள்ள நோயைச் சாக்கு வெக்கிறியா?" அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, மதினிக்காகத்தான்ணே சொல்றேன்." எல்லாரும் யாருக்காகவாவதுதான் சொல்வார்கள்.

பேட்டையில் கூடலிங்கம் என்று ஒருவன், ஒரு யோசனை சொன்னான். அவன் மைத்துனிக்கு அப்படித்தான் நடந்ததாம். கம்பெனி கார்டில் யார் பேர் இருக்கிறதோ அந்தப் பேரைச் சொல்லிப் படுக்க வைத்துவிட வேண்டியது. அமுதாவுக்கும் பவுனுத்தாய்க்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம். நோயில் கிடக்கிறவள் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? நான் தம்பி வீட்டுக்குப் போனேன். பவுனுத்தாயையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அமுதா காப்பி போட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். பேர்தானே கேட்கிறேன், பத்து நாளைக்கு உன் பெண்டாட்டி பேரைக் கொடு என்றேன்.

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு சொன்னான். "தெரிஞ்சா வேலை போயிரும்ணே. அதைக்கூட விடுங்க. மதினி செத்துப்போனா, அமுதா செத்துட்டதா எழுதுவாங்கண்ணே."

செத்துப்போனா.

அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் சார். கையில் அவன் வீட்டுக் காப்பி டம்ளர். அப்போதே அவளைச் சாக வைத்துவிட்டான். என் வீட்டுக்காரி சாவது பற்றி அவனுக்குச் சந்தேகமே இல்லை, சீட்டில் யார் பேர் வரும் என்பதுதான் கவலை. நான் எழுந்துவிட்டேன். பவுனுத்தாய் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வெளியே வந்ததும் சிரிக்கிறாள். "அவரு சொன்னதுல என்ன தப்பு? உசுரோட இருக்கிற புள்ளைக்கு சாவுச் சீட்டு வாங்கலாமா? விடுங்க" என்றாள். சிரித்தாள். மனசு உடைந்துதான் சிரித்தாள், எனக்குத் தெரியாதா.

மறுபடியும் அடிக்கிறது. இது எத்தனையாவது என்று கேட்காதீர்கள், நான் எண்ணவில்லை. இதோ, நின்றுவிட்டது. இப்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், டிங் என்று... வந்துவிட்டது. நம்பர்.

சொல்கிறேன், வருகிறேன். வாடிப்பட்டி வருகிறது, பையை எடுத்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

பவுனுத்தாயைக் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே யாரும் முடியாது என்று சொல்லவில்லை. வரிசை இருந்தது. அவளுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் மூச்சு வாங்கியது. தேதி கொடுத்தார்கள். பெரிய பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தேதி வேண்டியதில்லை, அவர்கள் போகிற நாள்தான் தேதி. நல்லுச்சாமி ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருவான். மாத்திரை, ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். நான் அப்படியே திருப்பிக் கொடுத்தனுப்பினேன். ரத்தம் வேண்டும் என்றபோது அவனுடையதுதான் சேர்ந்தது, அது எனக்குச் சொல்லாமல் எடுத்துவிட்டார்கள். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். ஒரு நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கார்டைப் பிரிச்சுக் குடுத்துருங்க, இன்னும் நாள் இருக்கு" என்றாள். நோயாளி பேச்சு. நோயாளி பேச்சைக் கேட்டு வைத்தியம் பார்க்க முடியுமா?

தேதிக்கு முன்னால் போய்விட்டாள்.

கருமாதி முடிந்த அன்று பந்தலில் வைத்து எல்லோர் முன்னாலும் தம்பியிடம் சொன்னேன். "நல்லுச்சாமி, நீ என் வீட்டுக்கு வரணும். அவ படத்துக்கு முன்னால நிக்கணும். அன்னைக்குச் சொன்னதை எடுத்துக்கிட்டேன் மதினின்னு உன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் நீ எனக்குக் கடன்காரன்." காசு கேட்டேனா சார்? நிலம் கேட்டேனா? ஒரு வார்த்தை. சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

அவன் வரவில்லை. வந்தான், ஆனால் அது கணக்கில்லை. எப்படியென்று கேளுங்கள். மில்லை மூடிவிட்டார்கள். கழுத்து அட்டை போயிற்று, அதோடு பின்னால் இருந்த கார்டும் போயிற்று. உங்களுடையதும் அப்படித்தான் சார், கழுத்தில் இருக்கிற வரைக்கும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் டீக்கடையில் வேலைக்குப் போனான். சம்பளம் போனதும் வருமானம் குறைந்துவிட்டது இல்லையா, அப்போது கிடைத்தது காப்பீட்டு கார்டு. தாரணி அலைந்து வாங்கினாள். என்னையும் ஆட்டோவில் கூட்டிப்போய்க் கை ரேகை வைக்க வைத்தாள். நான் குடும்பத் தலைவர், நான் இல்லாமல் நடக்காது. பவுனுத்தாய் இருந்தபோது கிடைக்காதது, அவன் நாசமாய்ப் போனபோது கிடைத்தது.

அந்தக் கார்டில் முதலில் படுத்தது நான்தான். மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது எனக்கு. அதே பெரிய ஆஸ்பத்திரிதான், ஆனால் வாசல் வேறு. கம்பெனி கார்டுக்காரர்களுக்கு முன்வாசல், கண்ணாடிக் கதவு. எங்களுக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் இருக்கிற சந்து. உள்ளே போனால் எல்லோரையும் கிழிப்பது ஒரே கத்திதான், அது வேறு விஷயம். நல்லுச்சாமி கூடவே கிடந்தான். தரையில் பேப்பர் விரித்துப் படுத்தான். கஞ்சி வாங்கி வருவான், ஆறிப்போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் என் காலைப் பிடித்துக்கொண்டு, "தப்பாப் பேசிட்டேண்ணே" என்று அழுதான்.

அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் சொல்லிவிட்டானே என்று. நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். எங்கே வைத்துச் சொன்னான்? ஆஸ்பத்திரியில். யார் இருந்தார்கள்? பக்கத்துக் கட்டிலில் ஒருவன், அவனும் மயக்கத்தில். நான் சொன்னது என் வீட்டில், அவள் படத்துக்கு முன்னால். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். போன வருஷம் இரண்டு தடவை வந்து கார்டைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டான். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அமுதாவும் தாரணியும் அல்லாடுவார்கள் என்றான். வாசலோடு நிறுத்தினேன். "முதல்ல அந்த வார்த்தை" என்றேன். "உள்ள விடுங்கண்ணே, சொல்றேன்" என்றான். சொல்லிவிட்டு உள்ளே வா என்றேன். படம் உள்ளே இருக்கிறது என்றான். பேச்சுக்குப் பேச்சு. எப்போதும் அவனுக்கு வாய் அதிகம்.

இப்போது வாயில் குழாய்.

நேற்று டீக்கடையில் பாத்திரத்தோடு விழுந்துவிட்டானாம். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, மண்டையைத் திறந்து எடுக்க வேண்டும். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்றால், குழாயோடு வழியில் தாங்காது என்கிறார்களாம். இப்போது கிடக்கிற அதே பெரிய ஆஸ்பத்திரியிலேயே கார்டில் செய்யலாம், செய்வார்கள். ஆனால் கார்டை ஏற்றும்போது குடும்பத் தலைவர் போனுக்கு ஒரு நம்பர் வரும். ஆறு எண். அதைச் சொன்னால் ஏறிவிடும். சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் நிற்கும், டாக்டரும் நிற்பார், எல்லாரும் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த நம்பர் செல்லாமல் போய்விடும், மறுபடி அனுப்புவார்கள். அதுதான் டிங் டிங் என்கிறது.

காலையில் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், வேறு பெண். "நீங்கதான் குடும்பத் தலைவரா? உட்காருங்க ஐயா" என்றாள். ஐயா! முதல் தடவையாக அந்தக் கட்டடத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். தாரணி ஓடி வந்தாள். கண் வீங்கிப்போயிருந்தது. "பெரியப்பா, நம்பர் வரும், சொல்லுங்க." நான் சொன்னேன், "சொல்றேன் கண்ணு. உங்கப்பனை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. என் வீட்டுக்கு வந்து சொல்லணும், சரி, முடியலைன்னா இங்கயே சொல்லட்டும். நான் இறங்கி வர்றேன்." எவ்வளவு இறங்கினேன் பாருங்கள். வீடு வேண்டாம், படம் வேண்டாம் என்றேன்.

"அப்பாவால பேச முடியாது பெரியப்பா. குழாய் வெச்சிருக்கு."

"பேச முடிஞ்சப்ப பேசினானா?"

அமுதா வந்து என் காலில் விழுந்தாள். "நான் சொல்றேன் மாமா. நூறு தடவை சொல்றேன். அக்கா படத்து முன்னாடி உருண்டு வர்றேன்." எழுந்திரு என்றேன். நீ என்னம்மா செய்தாய், நீ காப்பி போட்டாய். சொன்னவன்தான் எடுக்க வேண்டும். ஒருவன் போட்ட மூட்டையை இன்னொருவன் இறக்க முடியுமா? தாரணி என் சட்டைப் பையில் கையை விட்டாள் சார். போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தக் காவலாளி ஓடி வந்து விலக்கிவிட்டான். அதோடு எழுந்தேன். சந்து வழியாகப் போகவில்லை, முன்வாசல் வழியாகவே வெளியே வந்தேன். யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை.

கொடைரோடு டோல்கேட்டா இது? இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதா.

காட்டச் சொன்னால் காட்டுகிறேன், இதோ, தள்ளி இருந்தே பாருங்கள். மூன்று, பூஜ்யம், ஏழு... வேண்டாம் சார், சத்தமாகப் படிக்காதீர்கள். உங்கள் போனை ஏன் எடுக்கிறீர்கள்? அவர்கள் நம்பர் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் நல்லவர்தான். கண்டக்டரைக் கூப்பிட்டு இறக்கிவிடச் சொல்வீர்கள், எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துக் கொடுப்பீர்கள், தெரிகிறது. இது அண்ணன் தம்பி விஷயம். அவன் சாக மாட்டான். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தே பிழைத்தவன், நான்தான் குதித்துத் தூக்கினேன். அவனுக்கு ஒன்றும் ஆகாது.

மறுபடி அடிக்கிறது. இது தாரணி நம்பர் இல்லை. கடைசியில் இரண்டு நாலு, அமுதா நம்பர். அவள் எனக்கு ஒரு நாளும் அடித்ததில்லை. சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் எடுக்கிறேன். நீங்கள் சாட்சி.

ஹலோ... அமுதா... யாரு? பேசுங்க... பேசுங்கம்மா...

வைத்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை சார். அழுகிறாள். பின்னால் தாரணி கத்துகிறாள், அப்பா அப்பா என்று. வேறு பொம்பளைகள் சத்தமும் கேட்டது. ஒரு வார்த்தை? ஒரு வார்த்தை இல்லை. நான் இத்தனை சொல்லியும் அழுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள், கேட்பதற்குக் கூப்பிடவில்லை.

ஏன் சார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? நீங்களே சொல்லுங்கள், நான் எடுத்தேனா இல்லையா? நான் எடுத்தேன்.

அம்பாத்துரை தாண்டிவிட்டது. இப்போது பாருங்கள், அடிக்கவும் இல்லை, நம்பரும் வரவில்லை. இவ்வளவுதான் அவர்கள் அவசரம். வேறு ஏதோ வழி பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இந்தக் குடும்பத் தலைவர் வேண்டாமாம். இதுவும் அவன் சொல்லிக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

வழி விடுங்கள் சார், என் ஸ்டாப் வந்துவிட்டது. நான் வீட்டில்தான் இருப்பேன். படத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு போகிறேன், கதவைத் திறந்தே வைத்திருப்பேன். எழுந்து நடமாடட்டும், நாளைக்கு வரட்டும், அடுத்த மாதம் வரட்டும். வாசலில் நிறுத்த மாட்டேன், உள்ளேயே வரட்டும். ஆனால் அவன் வாயால்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் கழியாது. அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் பாக்கி.